உடற்சூட்டின் வரலாறும் வட்டவளைக் குளிரும்

நாவலப்பிட்டியை விட்டுப் புறப்படும் மலைநாட்டுப் புகைவண்டி, இங்குறுஓயாவையும் கலபொடவையும் கடந்து, வளைந்து வளைந்து ஏறி வட்டவளையை அடையும்பொழுது, ஆனி ஆடி மாதங்களானால் வண்டியிலுள்ளோர் யன்னல்களை இறக்கிவிடுவர். தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து அள்ளிவரும் நீரைக் கொட்டித் தீர்ப்பது இம்மேற்குச் சரிவுகளிலேதான். கெனில்வேர்த் தோட்டத்தை அடுத்த இப்பகுதியில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. எம் முன்னோர் விட்டுவந்த திருச்சிராப்பள்ளிச் சீமையிலே ஐந்தாறு ஆண்டுகளில் பெய்யும் மழை, இங்கே ஓராண்டிற் பெய்துவிடுகிறது.

இந்த ஈரத்தில் நின்றுதான் கொழுந்து பறிக்கப்படுகிறது. இடுப்பிலே இரட்டுப் படங்கு, தலையிலே கொங்காணி, முதுகிலே கூடை. கம்பளி இருந்த இடத்திற்கு இன்று பொலித்தீன் தாள் வந்திருக்கிறது. மழை மட்டும் அன்றைய மழைதான். கொழுந்தில் ஒட்டியிருக்கும் தண்ணீருக்கென்று நிறுவையிலே கழிவு வேறு. பறித்தவளின் மேனியில் ஒட்டியிருக்கும் தண்ணீருக்குக் கணக்குமில்லை, கழிவுமில்லை.

ஓர் ஆடி மாதத்தில், விஞ்ஞான ஆசிரியர் இல்லாத ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழாசிரியராகிய நாமே விஞ்ஞானப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போக நேர்ந்தது. (ஆசிரியர் வெற்றிடம் என்பது எமது பகுதிப் பாடசாலைகளில் ஆண்டுதோறும் நடத்தப்படும் ஒரு தனிப் பாடம்.) முலையூட்டிகளின் உடல் வெப்பநிலை சூழலுக்கேற்ப மாறுவதில்லை, மனிதனில் அது 37 பாகையளவில் நிலைத்திருக்கும் என்று வாசித்தோம். முன்வாங்கிலே, நனைந்த வெள்ளைச் சட்டையோடு, கைகளை அக்குளிற் செருகிக்கொண்டிருந்த பிள்ளையொருத்தி எழுந்து நின்றாள்.

"சேர், சூடு மாறாதுன்னா அப்ப நாங்க ஏன் நடுங்குறோம்?"

அன்று நாம் ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அது சரியான விடையன்று. பின்னர் தேடிப் படித்து அறிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறோம்.

தமிழ் படித்தவனுக்கு இக்கேள்வி புதிதாகத் தோன்றியிருக்கக் கூடாது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளையும் விரித்துக் கூறியபின், வேறு முப்பத்திரண்டை எண்ணிச் செல்கிறார். அவ்வரிசையில் வியர்த்தலும் உண்டு, நடுக்கும் உண்டு. இரண்டும் உள்ளத்தின் நிலை உடம்பிலே புலப்படும் குறிகள் என்பது அவர் கொள்கை. உடம்பின் புறத்தே தோன்றுவதற்கு அகத்தே ஒரு காரணம் இருக்கவேண்டும் என்று எண்ணிய அந்த நுண்ணறிவைப் போற்றலாம். ஆனால் அதனாலேயே நவீன விஞ்ஞானம் முழுவதும் எம்மிடம் முன்னரே இருந்ததென்று மார்தட்டவேண்டிய அவசியமில்லை. வியர்வையையும் நடுக்கத்தையும் ஏவுவது மூளையின் அடியிலுள்ள ஒரே நரம்புத் திரள் என்பதை அறிய மனிதகுலம் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

மேலைநாட்டாரும் நெடுங்காலம் தடுமாறியவர்களே. இதயமே உடம்பின் அடுப்பு என்றும், மூளை அச்சூட்டைத் தணிக்கும் குளிர்ந்த உறுப்பு என்றும் அரிஸ்டாட்டில் கருதினார். இருளிலே முதற் சாளரத்தைத் திறந்தவர்கள் பிரான்சு தேசத்து லவோசியரும் லப்லாசும் ஆவர். 1783ஆம் ஆண்டளவில் அவர்கள் பனிக்கட்டி சூழ்ந்த கலமொன்றினுள் கினிப்பன்றியொன்றை வைத்து, உருகிய பனிக்கட்டியையும் அப்பிராணி வெளிவிட்ட காற்றையும் அளந்தார்கள். மூச்சு என்பது மெதுவாக நிகழும் எரிதலே என்ற முடிவுக்கு வந்தார்கள். அப்படியானால் உண்ட சோறுதான் விறகு! வாசகர் இதனை நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னாலே நாம் வரப்போவது இந்த விறகுக் கணக்கிடந்தான்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1774இல், இலண்டனில் சார்ள்ஸ் பிளாக்டனும் நண்பர்களும் ஓர் அறையை 250 பாகை பாரன்ஹீட்டுக்கு மேல் சூடாக்கி அதற்குள்ளே போய் நின்றார்கள். உடன் கொண்டுபோன முட்டை வெந்தது, இறைச்சி வெந்தது. நின்றவர்களின் உடற்சூடோ ஏறக்குறைய வழமைபோலவே இருந்தது. உயிருள்ள உடல் சூட்டை உண்டாக்குவது மட்டுமன்று, தள்ளவும் வல்லது என்பது புலனாயிற்று. தேயிலைச் செடிகளிடையே கல்லின்மேல் வெயில் காயும் ஓணானுக்கு இவ்வல்லமை இல்லை; வெயில் வந்தாலே அதற்கு உற்சாகம். முலையூட்டிகளும் பறவைகளும் வெயிலை எதிர்பாராமல் தம் சூட்டைத் தாமே ஆளுகின்றன.

இவ்வரலாற்றில் எமது மலைநாட்டுக்கும் ஓர் இடமுண்டு. கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தது. மறு ஆண்டிலே, அதாவது 1816இல், ஜோன் டேவி என்ற இராணுவ வைத்தியர் இலங்கைக்கு வந்தார். புகழ்பெற்ற இரசாயன விஞ்ஞானி ஹம்பிரி டேவியின் தம்பி இவர். 1820 வரை இங்கே தங்கி, உள்நாடெங்கும் சுற்றி, 1821இல் இலங்கையின் உட்பகுதியைப் பற்றிப் பெருநூலொன்று வெளியிட்டார். வெற்றிகொண்ட படையோடு வந்த மனிதர்தாம்; எனினும் அவருடைய பெட்டியிலே வெப்பமானி ஒன்றிருந்தது. கப்பலிலும் கரையிலும் கண்ட மனிதருடைய நாவின்கீழ் அதனை வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டே போனார். வேடர், புத்த பிக்குகள், ஆபிரிக்கர், ஐரோப்பியர் எனப் பலருடைய சூட்டையும் அளந்தார்.

அவர் கண்டது என்ன? வேடர் பெரும்பாலும் இறைச்சி உண்பவர். பிக்குகள் மரக்கறி உண்பவர். மற்றவர்கள் இரண்டும் கலந்துண்பவர். நிறம் வேறு, நாடு வேறு, உணவு வேறு. ஆயினும் ஒரே சூழ்நிலையில் வைத்து அளந்தபோது அவர்களுடைய உடற்சூடு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. சுவாசிக்கும் காற்றைத் தவிர வேறெதிலும் ஒத்திராத மனிதர்கள் சூட்டில் ஒத்திருப்பது அவருக்கே வியப்பாயிற்று. வெப்பநாட்டிற் சூடு ஓரிரு பாரன்ஹீட் பாகை கூடும் என்றும் அவர் எழுதினார். பிற்கால அளவைகளில் அவ்வேறுபாடு மிகச் சுருங்கிவிட்டது. முதல் முடிவோ நிலைத்து நின்றது. ஆண்ட இனம், ஆளப்பட்ட இனம் என்ற பேதம் வெப்பமானியின் இரசத்துக்குத் தெரியவில்லை!

ஆனால் அந்த இரசம் சொன்னதைத் துரைமார் கேட்டாரில்லை. 1830களிலும் 40களிலும் கண்டிச் சீமையின் காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. தஞ்சை, திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று பல இடங்களிலிருந்தும் பஞ்சத்தாலும் சாதிக்கொடுமையாலும் துரத்தப்பட்ட மக்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளைவரை நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழி. அதன்மேல் மலை. 1841க்கும் 1849க்கும் இடையில் வந்தவர்களுள் 70,000 பேர், அதாவது நாலிலொரு பங்கினர், மாண்டனர் என்று 1849இல் 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகை மதிப்பிட்டது. இத்தொகையைப் பற்றி வரலாற்றாசிரியர் பின்னர் வாதாடியதுண்டு. சாவு மலிந்திருந்தது என்பதில் வாதமில்லை.

குளிர் ஒன்றே அவர்களைக் கொன்றது என்று நாம் சொல்ல வரவில்லை. வாந்திபேதி, வயிற்றளைச்சல், அம்மை, காய்ச்சல், பட்டினி எல்லாம் சேர்ந்தே கொன்றன. ஆனால் அச்சாவுகளுக்குத் தோட்ட உடைமையாளர் தரப்பிற் சொல்லப்பட்ட காரணங்களைப் பாருங்கள். வந்தவர்கள் வரும்போதே நலிந்தவர்கள். சமவெளி மக்களுக்கு மலைக்குளிர் ஒத்துவராது. அவர்களுடைய பழக்கவழக்கம் அப்படி. குற்றம் உடம்பின்மேல் அல்லது குணத்தின்மேல் போடப்பட்டது. கம்பளி கொடுத்தார்களே என்பீர்கள். ஆம், கொடுத்தார்கள், அரிசியைப்போலக் கம்பளியும் தொழிலாளியின் கணக்கிலே கடனாக ஏறிற்று. உடற்சூட்டைக் காப்பதற்கே கடன்பட்ட மனிதர்களை வேறெங்கே காண்பது? 1872இல் தோட்டங்களின் மருத்துவத் தேவைகளுக்கென ஒரு சட்டம் வந்தது. கோப்பி நோயால் அழிந்து தேயிலை வந்தது. 1884இல் புகைவண்டி ஹட்டனை எட்டியது. லயங்களோ லயங்களாகவே இருந்தன.

இலங்கை மலையில் இவ்வாறிருக்க, அதே நூற்றாண்டில் ஐரோப்பாவின் ஆய்வுகூடங்களில் உடற்சூட்டை ஆளுபவன் யார் என்ற தேட்டம் நடந்தது. 1851இன் கடைசியிலே பாரிசில் குளோட் பேர்னார் முயலொன்றின் கழுத்திலுள்ள நரம்பை ஒரு பக்கத்தில் வெட்டினார். அந்தப் பக்கத்துக் காது குளிர்ந்துபோகும் என்று எதிர்பார்த்தார். மாறாக, அக்காது சிவந்து சூடேறிற்று! குருதிக்கலன்களை இறுக்கிப் பிடித்திருந்த நரம்பு அறுந்தபோது அவை விரிந்து சூடான குருதியைத் தோலுக்குக் கொண்டுவந்துவிட்டன. எதிர்பார்ப்புப் பொய்த்தது, உண்மை கிடைத்தது. தோலிலே பாயும் குருதியின் மடையைத் திறப்பதும் அடைப்பதும் நரம்பே என்று தெளிவாயிற்று.

மடை இருந்தால் மடையனும் இருக்கவேண்டுமன்றோ? 1884–85இல் பெர்லினில் அரோன்சோன், சாக்ஸ் என்ற இரு இளைஞர் முயலின் மூளைக்குள் ஊசியொன்றைச் செலுத்த, அதன் உடற்சூடு காய்ச்சல்போல ஏறி மணிக்கணக்காக நின்றது. அதே காலத்திற் பாரிசில் ரிஷேயும் இதனைக் கண்டார். 1912இல் பார்பர் என்பவர் முயலின் மூளையுள் மெல்லிய குழாய்களை வைத்துத் தண்ணீரை ஓடவிட்டார். குளிர்ந்த நீர் ஓடியபோது, அறை சூடாக இருந்தும் முயல் நடுங்கித் தன் சூட்டைக் கூட்டியது; வெந்நீர் ஓடியபோது உடம்பைக் குளிர்வித்தது. 1938இல் அமெரிக்காவில் மகூன், ரான்சன் குழுவினர் பூனையின் மூளையில் அவ்விடத்தை இன்னும் நுட்பமாகக் குறித்தனர். 1960களின் தொடக்கத்தில் நாக்கயாமா, ஹார்டி முதலியோர் அங்குள்ள தனித்தனி நரம்புக் கலங்களின் மின்துடிப்பையே பதிந்தனர். குருதி சற்றுச் சூடேறினாற் சில கலங்கள் விரைந்து துடித்தன. இத்தனை அறிவுக்கும் முயல்களும் பூனைகளும் கொடுத்த விலையை எண்ணி மனம் நோவதும் உண்மையே.

அவ்விடத்தின் பெயர் பரிவகக்கீழ். மூளையின் அடியிலே, பாதாம் பருப்பளவேயான பகுதி. தோலெங்கும் பரந்துள்ள நரம்பு முனைகள் குளிரையும் வெம்மையையும் உணர்ந்து முள்ளந்தண்டு வழியாக அங்கே செய்தி அனுப்புகின்றன; தன்னூடாக ஓடும் குருதியின் சூட்டையும் அது தானே உணர்கிறது. சூடு மிகுந்தால் தோலின் குருதிக்கலன்கள் விரிகின்றன, வியர்வை சுரக்கிறது. குறைந்தால் கலன்கள் ஒடுங்குகின்றன, விரல் விறைக்கிறது, மயிர் சிலிர்க்கிறது. அதுவும் போதாதபோது எலும்புத் தசைகளுக்குக் கட்டளை இறங்குகிறது. தசைகள் துடித்துத் துடித்து, எந்த வேலையும் செய்யாமல், வெப்பத்தை மட்டும் உண்டாக்குகின்றன. அதுதான் நடுக்கம்.

முன்வாங்குப் பிள்ளைக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவே. சூடு மாறாதிருக்கும்போதும் நடுங்குகிறோமே என்பதன்று. நடுங்குவதனாலேயே அது மாறாதிருக்கிறது. 37 என்ற எண் இயற்கை இலவசமாகத் தந்த வரமன்று. அதைக் காப்பதற்கு ஒவ்வொரு கணமும் செலவு உண்டு.

அந்தச் செலவைச் சற்றுக் கணக்குப் பார்ப்போம். வலிய நடுக்கம், ஓய்ந்திருக்கும் உடல் உண்டாக்கும் வெப்பத்தை நாலைந்து மடங்காக்கும். அதற்கேற்ப விறகும் எரியும். வட்டவளைக் குளிர் உறையும் குளிரன்று. ஐரோப்பியன் இதனை இதமான காலநிலை என்பான். உலர்ந்த உடையும் நிறைந்த வயிறும் உள்ளவனுக்கு இதமானதே. நீரோ காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்திவிடும். ஒரு லீற்றர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். மூன்று கோப்பைச் சோறு தரும் சக்தி அது. நனைந்த சேலை மேனியிலேயே காயும்போது அந்த வெப்பத்தின் ஒரு பங்கை மேனிதான் கொடுக்கிறது. காலையில் ஒரு துண்டு ரொட்டியும் சாயத்தண்ணியும் குடித்துவிட்டு மலையேறியவள், கொழுந்து பறிப்பதற்கும் உடம்பைச் சூடாக வைப்பதற்கும் அதே ரொட்டியைத்தான் பங்கிடவேண்டும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர்.

கையிருப்புத் தீர்ந்தால் என்ன நடக்கும்? உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. 32 அளவில் நடுக்கமே நின்றுவிடும், சிந்தை குழம்பும். நடுக்கம் நின்றவுடன் குளிர் விட்டுவிட்டதென்று பார்ப்பவர் எண்ணக்கூடும். அதுவே மிகக் கொடிய அறிகுறி.

நெடுநல்வாடையைப் படித்தவர்கள் இவ்விடத்தில் அதனை நினையாதிருக்க முடியாது. கூதிர்காலத்து மழையிலே நனைந்த கோவலர் நெருப்பிலே கைகாய்ச்சி நிற்பதை நக்கீரர் காட்டுகிறார். குரங்கும் குளிரால் ஒடுங்குகிறது. நகரத்து மாடங்களிலோ சாளரங்களை அடைத்துத் தடவிலிட்ட நெருப்பைச் சூழ்ந்திருக்கிறார்கள். மலைத்தோட்டத்தில் அந்தத் தடவு பங்களாவின் கணப்பாயிற்று. துரையின் பரிவகக்கீழும் கொழுந்துக்காரியின் பரிவகக்கீழும் ஒரே விதமாகவே வேலை செய்தன. ஒருவர் மரவிறகை எரித்துச் சூட்டைக் காத்தார். மற்றவர் தம் தசையை எரித்துக் காத்தார்.

இனிச் சாராயத்தைப் பற்றியும் ஒரு சொல். 'குளிருக்குக் கொஞ்சம்' என்பது மலைநாட்டில் வழங்கும் நியாயம். குடித்தவுடன் மேனி கதகதப்பாவது மெய்தான். ஏன்? மது தோலின் குருதிக்கலன்களை விரிக்கிறது. பேர்னாரின் முயற்காதுபோலத் தோல் சூடேறுகிறது. உள்ளே காத்துவைத்த வெப்பம் மடை திறந்து வெளியே போய்விடுகிறது. நடுக்கமும் மட்டுப்படுகிறது. குடித்தவன் சூடாக உணர்கிறான், உண்மையில் குளிர்ந்துகொண்டிருக்கிறான். காலனித்துவ அரசுக்குச் சாராயக் குத்தகை பெரிய வருவாய்களுள் ஒன்றாக இருந்தது. தொழிலாளியின் சூட்டை அரசாங்கமே குத்தகைக்கு விட்டிருந்தது என்றால் மிகையாகுமா? தொழிலாளியைக் குடிகாரன் என்று ஏசும் சீர்திருத்தவாதிகள், அவன் உலர்ந்த சட்டையோடு படுத்தானா என்று முதலிற் கேட்டிருக்கலாம்.

மிளகாயின் கதை வேறு. காரமான சம்பலைத் தின்றால் நெற்றி வியர்க்கிறதே, அது மிளகாய் சூட்டைக் கொண்டுவருவதால் அன்று. மிளகாயின் காரப்பொருள், சுடுதலை உணரும் நரம்பு வாயிலையே திறந்துவிடுகிறது. மூளை ஏமாந்து வியர்வைக்குக் கட்டளையிடுகிறது. இவ்வாயிலை டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் கண்டுபிடித்தனர். குளிரை உணரும் வாயில் 2002இல் கண்டறியப்பட்டது. வெப்பம், தொடுகை ஆகியவற்றை உணரும் வாயில்களைக் கண்டதற்காக ஜூலியசுக்கும் பட்டபூட்டியனுக்கும் 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

காய்ச்சலின் போதும் நடுங்குகிறோம். அங்கே உடல் சூடாக இருந்தே நடுங்குகிறது. நோய்க்கிருமியோடு உடல் போரிடும்போது, காக்கவேண்டிய அளவையே பரிவகக்கீழ் உயர்த்திவிடுகிறது. 39ஐ இலக்காக வைத்துக்கொண்ட மூளைக்கு 37 குளிராகத் தெரிகிறது; போர்வை கேட்கிறது. 1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் இந்நாட்டின் ஆயிரமாயிரம் குடிசைகளில் நடுங்கிய உடல்கள் இவ்வாறே நடுங்கின. ஆஸ்பிரின் அந்த உயர்ந்த இலக்கை எவ்வாறு இறக்குகிறது என்பதை ஜோன் வேன் 1971இல் விளக்கினார்.

நடுங்கவும் இயலாத உயிர் ஒன்றுண்டு. பிறந்த குழந்தைக்கு நடுக்கம் போதிய அளவு வராது. அதன் தோளிடையிலும் கழுத்தடியிலும் கபில நிறக் கொழுப்பு ஒருவகை இருக்கிறது. நரம்பு ஏவியதும் அது எரிந்து சூடு தருகிறது. ஆனால் அது சிறு சேமிப்பு. குறைமாதத்திலும் நிறைகுறைந்தும் பிறந்த பிள்ளையிடம் அதுவும் மிகச் சொற்பம். பால் வேண்டும், தாயின் மேனிச்சூடு வேண்டும், உலர்ந்த துணி வேண்டும். தாய் மலையில், பிள்ளை பிள்ளைக் காம்பராவில், துணி காயாத மழை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் தோட்டங்களின் சிசுமரண வீதம் நாட்டின் பொதுவீதத்தைவிட உயர்ந்தே இருந்தது. 1973–74 உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களிற் சாவு மேலும் பெருகிற்று. வெள்ளையர் போய், 1972இலும் 1975இலும் காணிகள் அரசுடைமையாகி, 1992இல் நிருவாகம் கம்பனிகளின் கைக்கு மாறிற்று. சிசுமரணம் வெகுவாகக் குறைந்திருப்பதை மறுப்பதற்கில்லை. பலருக்குத் தனிவீடுகளும் கிடைத்திருக்கின்றன. எனினும் இன்னும் பல குடும்பங்கள் காலனித்துவ காலத்து லயத்துக் காம்பராக்களிலேயே வாழ்கின்றன.

தேயிலை ஆலையை ஒருநாள் மாணவர்களோடு சுற்றிப் பார்த்தோம். கொழுந்து வாட்டும் மேல்மாடி அகன்றது, ஒழுக்கில்லாதது. மழைநாட்களிற் கொழுந்தின் ஈரம் போகச் சூடான காற்றை ஊதுகிறார்கள். காற்றின் சூட்டையும் ஈரத்தையும் பார்ப்பதற்கு வெப்பமானிகள் சுவரிலே தொங்குகின்றன. ஒரு பாகை பிசகினாற் சுவை கெட்டுவிடும் என்று உத்தியோகத்தர் பிள்ளைகளுக்கு அன்போடு விளக்கினார். அந்தக் கொழுந்தோடு நனைந்துவந்தவளின் சேலை, லயத்திலே அடுப்புக்கு மேற்கட்டிய கயிற்றிற் புகைபட்டுத் தொங்குகிறது. மறுநாட் காலை பிரட்டுக்குப் போகும்போது பாதி ஈரத்தோடு அதையே எடுத்துக் கட்டிக்கொள்கிறாள்.